பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

கணக்கு முதல் சமூக அறிவியல் வரை, வீட்டுப்பாடத்தில் பிள்ளை சிக்கி நிற்கும்போது பெரியவர்கள் செய்ய வேண்டிய உதவி எது, செய்யக் கூடாத உதவி எது?

பள்ளியில் கேட்ட பாடத்தை, ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளை தானாகச் செய்து பார்ப்பதற்குப் பெயர்தான் வீட்டுப்பாடம். அதில் மூன்று வகை உண்டு. வாய்ப்பாடு, பயிற்சிக் கணக்கு, சொல் எழுதுதல் போன்றவை கற்றதைக் கைப்பழக்கமாக்குபவை. நாளைய பாடத்தை ஒருமுறை படித்து வரச் சொல்வது முன்தயாரிப்பு. கட்டுரை, செயல்திட்டம், படம் வரைந்து பாகம் குறித்தல் போன்றவை பிள்ளை தன் சொந்த அறிவைக் கொண்டு உருவாக்குபவை. மூன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. வாய்ப்பாட்டுக்குக் கேட்டுச் சரிபார்க்க ஒருவர் போதும். கட்டுரைக்குப் பேச்சுத் துணை வேண்டும். கணக்குக்கு, பிள்ளை எந்தப் படியில் வழி தவறியது என்று பார்க்கும் கண் வேண்டும்.

பல வீடுகளில் இந்த மூன்றுக்கும் ஒரே உதவிதான் கிடைக்கிறது: விடையைச் சொல்வது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது, அடுப்பில் தோசைக்கல் காய்கிறது, நாளைக் காலை நோட்டைக் காட்ட வேண்டும். அந்த அவசரத்தில் பெரியவர் விடையைச் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்கிறது. நோட்டு நிறைகிறது; பிள்ளை சிக்கிய இடம் அப்படியே இருக்கிறது. மறுநாள் நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கோ எல்லாம் புரிந்துவிட்டதாகத் தெரிகிறது. விடையைச் சொல்லித் தரும் உதவியின் பெரிய சேதம் இதுதான். பிள்ளைக்குப் புரியவில்லை என்று ஆசிரியருக்குக் காட்டக்கூடிய ஒரே தடயம் அழிந்துவிடுகிறது.

எவ்வளவு நேரம்?

உதவியைப் பற்றிப் பேசும் முன் அளவைப் பார்க்க வேண்டும். அளவு மீறிய வீட்டுப்பாடத்தில் எந்த உதவியும் பலிக்காது. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பிள்ளைகளின் கல்விச் சுமை குறித்து 1993இல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்தது. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2020ஆம் ஆண்டு தேசியப் பள்ளிப்பை கொள்கையும் வீட்டுப்பாட நேரத்துக்கு எல்லை வகுத்தன. 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம். 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம். சென்னை உயர் நீதிமன்றமும் 2018 மே மாதம், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது.

இந்த எல்லைகளுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும், 1987 முதல் 2003 வரை அந்த நாட்டில் வெளிவந்த வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மெலிந்தும் இருப்பதாக அதில் தெரியவந்தது. சிறு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் எழுத வைப்பதைவிட, அன்று பள்ளியில் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வைப்பது மேல். 1, 2ஆம் வகுப்புகளுக்குப் பள்ளிப்பை கொள்கை சொல்வதும் இதையொட்டியதே: மாலையில் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று மறுநாள் வகுப்பில் பேசவிடலாம்.

சிக்கிய இடத்தைக் கண்டுபிடிப்பது

"எனக்குத் தெரியல" என்று பிள்ளை சொல்வதற்கு நான்கு பொருள் இருக்கலாம். கேள்வியே புரியாமல் இருக்கலாம். கேள்வி புரிந்தும், அதற்குத் தேவையான பழைய பாடம் கைவசம் இல்லாமல் இருக்கலாம். வழி தெரிந்தும் நடுவில் ஒரு படியில் சறுக்கியிருக்கலாம். எல்லாம் தெரிந்தும் உடல் களைத்திருக்கலாம். நான்காவதற்கு மருந்து சாப்பாடும் தூக்கமும்தான். மற்ற மூன்றையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கேள்வியைப் பிள்ளையே சத்தமாகப் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்று தன் சொல்லில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் சிக்கல் மொழியில். சொல்லிவிட்டுத் தொடங்கத் தெரியாமல் நின்றால் சிக்கல் அடிப்படையில். தொடங்கிப் பாதியில் நின்றால் சிக்கல் அந்தப் படியில்.

ஹங்கேரியில் பிறந்த கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போலியா, கணக்குப் போடும் கலையைப் பற்றி 1945இல் எழுதிய நூலில் நான்கு படிகளை வகுத்தார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, வழியைத் திட்டமிடுவது, திட்டப்படி செய்வது, விடையைத் திரும்பிப் பார்ப்பது. கணக்குக்காகச் சொன்ன இந்த வரிசை எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும். வீட்டில் நடப்பது பெரும்பாலும் மூன்றாம் படி மட்டும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் ஐந்தைந்து நிமிடம் ஒதுக்கினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கணக்கு: தவறுக்கும் ஒரு கணக்கு உண்டு

இரண்டாம், மூன்றாம் வகுப்பு நோட்டுகளில் அடிக்கடி காணக்கூடிய தவறு இது. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை 25 என்று எழுதுகிறது. கவனமில்லை என்று தலையில் குட்டுவதற்கு முன் அந்த விடை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டிருக்கிறது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டது. பத்துகள் இடத்தில் 5இலிருந்து 3 போக 2. அடுத்து 63இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் அதே பிள்ளை 45 என்று எழுதும். கவனக்குறைவு என்றால் தவறு தாறுமாறாக வரும். இது ஒழுங்காக வருகிறது. தவறான ஒரு விதியைப் பிள்ளை சரியாகப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் இத்தகைய கழித்தல் தவறுகளை வகைப்படுத்தி ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் தவறுகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு நிலையான தவறான முறை இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அந்த விதியைக் கண்டுபிடித்துத் திருத்தாமல் இன்னும் இருபது கழித்தல் கணக்குகளைப் போடச் சொன்னால், தவறு இருபது முறை பழகி உறுதிப்படும்.

திருத்துவதற்குத் தீக்குச்சிகள் போதும். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி: இது 52. இதிலிருந்து 37 குச்சிகளை எடுத்துத் தரச் சொன்னால், பிள்ளை மூன்று கட்டுகளை எடுத்துவிட்டு ஏழு உதிரிக் குச்சிகளைத் தேடும். கையில் இருப்பவை இரண்டே. சற்று யோசித்துவிட்டு மிச்சமிருக்கும் கட்டுகளில் ஒன்றை அவிழ்க்கும். அந்த நொடியில்தான் 'கடன் வாங்குதல்' என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து, மிச்சம் ஒரு கட்டு: விடை 15. அதோடு நிறுத்தாமல், 15ஐயும் 37ஐயும் கூட்டினால் 52 வருகிறதா என்று பிள்ளையே சரிபார்க்க வேண்டும். பழைய விடையான 25ஐயும் அதே முறையில் சோதித்தால் 62 வரும். தவறைத் தானே பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த முறை பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை.

வாக்கியக் கணக்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. கண்ணனிடம் 12 கோலிகள் உள்ளன, அது மணியிடம் இருப்பதைவிட 5 அதிகம், மணியிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளை கூட்டி 17 என்கிறது. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு' என்று சொல்லிக் கொடுக்கும் குறுக்குவழியின் விளைவு இது. யாரிடம் கோலி அதிகம் என்ற ஒரே கேள்வி போதும். கண்ணனிடம் என்று பதில் வந்ததும், மணிக்கு 17 இருக்க முடியாது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மேல் வகுப்புகளிலும் குறுக்குவழி இதே வேலையைச் செய்கிறது. சமன்பாட்டில் 'அந்தப் பக்கம் போனால் மைனஸ்' என்று மனப்பாடம் செய்த மாணவர், எக்ஸ் + 7 = 15 என்பதைச் சரியாகத் தீர்ப்பார். 3 எக்ஸ் = 15 என்று வந்தால் 15இலிருந்து 3ஐக் கழித்து 12 என்று எழுதிவிடுவார். சமன்பாட்டைத் தராசாகக் கண்டவருக்கு இந்தக் குழப்பம் வராது. ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று பைகள், மறு தட்டில் 15 கிலோ என்றால் ஒரு பை 5 கிலோ. தசம எண்களில் 0.25ஐ 0.5ஐவிடப் பெரியதாக நினைக்கும் பிள்ளைக்குத் துணிக்கடையின் கால் மீட்டரும் அரை மீட்டரும் போதுமான பாடம்.

அறிவியல்: வரையறைக்கு முன் வியப்பு

அறிவியல் வீட்டுப்பாடத்தில் கேள்விகள் பெரும்பாலும் 'வரையறு', 'காரணம் கூறு', 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்றே வருகின்றன. வரையறையை மனப்பாடம் செய்துவிடலாம். காரணம் கூற மனப்பாடம் உதவாது. பிள்ளை உலகத்தைப் பார்த்துத் தானாக உருவாக்கிக்கொண்ட விளக்கம் ஒன்று ஏற்கெனவே மனத்தில் இருக்கும். பாடப்புத்தகத்தின் விளக்கம் அதன்மேல் ஒட்டாமல் நிற்கும். தேர்வில் புத்தக விளக்கத்தை எழுதிவிட்டு, வாழ்க்கையில் பழைய விளக்கத்தையே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏராளம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சில்வர் டம்ளரின் வெளிப்புறம் ஏன் நனைகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். உள்ளிருந்து தண்ணீர் கசிகிறது என்பதே பல பிள்ளைகளின் பதில். தவறு என்று சொல்லி 'ஆவி சுருங்குதல்' என்ற சொல்லைக் கொடுத்தால் எழுதிக்கொள்ளும், நம்பாது. டம்ளரில் கொஞ்சம் குங்குமத்தையோ சிவப்பு மையையோ கலந்து வைத்து, வெளியே படியும் துளிகளை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்ல வேண்டும். துணியில் நிறம் ஒட்டவில்லை. அடுத்து, தண்ணீரே இல்லாத வெறும் டம்ளரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தாலும் அதன் வெளிப்புறம் பனிக்கிறது. கசிவு என்ற விளக்கம் அத்தோடு விழுந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்கும்போது, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவியைப் பற்றிச் சொன்னால் அது தங்கும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இயற்பியல் கணக்குகளில் பெரும்பாலான சறுக்கல் அலகில் நேர்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து 20 வினாடியில் எவ்வளவு தூரம் போகும்? 36ஐ 20ஆல் பெருக்கி 720 என்று எழுதும் மாணவரிடம், 720 என்ன, கிலோமீட்டரா மீட்டரா என்று கேட்க வேண்டும். 20 வினாடியில் 720 கிலோமீட்டர் என்றால் சென்னையிலிருந்து கன்னியாகுமரியே வந்துவிடும் என்று அவரே சிரித்துவிட்டு நோட்டுக்குத் திரும்புவார். 36 கிலோமீட்டர் என்பது 36,000 மீட்டர். ஒரு மணி என்பது 3,600 வினாடி. ஆக வினாடிக்கு 10 மீட்டர், 20 வினாடிக்கு 200 மீட்டர். கொடுக்கப்பட்டவை, கேட்கப்படுவது, சூத்திரம், அலகு என்று நான்கு வரிகளை எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் 8ஆம் வகுப்பில் வந்துவிட்டால் மேல்நிலை வகுப்பு வரை கைகொடுக்கும்.

தமிழ்: காது கொடுத்தால் இலக்கணம் வரும்

தமிழ் தெரிந்த வீட்டில் தமிழ்ப் பாடத்துக்கு உதவி தேவைப்படாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் உள்ள தூரம் சிறு பிள்ளைக்குக் கணிசமானது. 'பஸ்ஸு வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'பேருந்து வந்தது' என்று எழுதக் கற்பது, ஏறத்தாழ இன்னொரு நடையைக் கற்பதற்குச் சமம். பேச்சைக் குறை சொல்லாமல், பிள்ளை சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, இதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று கேட்டால் மாற்றும் வேலையைப் பிள்ளையே செய்யும். ல, ள, ழ குழப்பத்துக்கும் பொருளே மருந்து. 'பல்லி', 'பள்ளி' என்ற இரண்டு சொற்களுக்கும் படம் வரையச் சொன்னால், எழுத்து மாறினால் சுவரில் ஊர்வது படிக்கும் இடமாகிவிடும் என்பது மனத்தில் பதியும்.

புணர்ச்சி விதிகளைக் கண்டு மாணவர்கள் மிரள்வதற்குக் காரணம், விதி முதலில் வந்து சொல் பின்னால் வருவது. வரிசையைத் திருப்பிப் போடலாம். வாழையிலை, மணியடித்தான், திருவருள், பூவழகு என்று நான்கு சொற்களைக் கொடுத்து மெல்லச் சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாழை, இலை என்ற இரண்டையும் நிறுத்தாமல் சேர்த்துச் சொன்னால் நடுவில் ய் தானாக வாயில் வந்து உட்காரும். திரு, அருள் என்றால் உதடு குவிந்து வ் வரும். இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமல் நடுவில் வந்து உடன்படுத்துவதால் அது உடம்படுமெய். பிறகு நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, ய் வந்த சொற்களை ஒரு பக்கமும் வ் வந்தவற்றை மறு பக்கமும் எழுதினால், இ, ஈ, ஐ என்று முடியும் சொற்கள் ஒரு பக்கம் சேர்வதை மாணவரே காண்பார். ஏகாரத்தில் முடியும் சொல் இரண்டையும் ஏற்கும் என்பதற்குச் சேயடி, சேவடி இரண்டும் சான்று. தானே கண்டெடுத்த விதியை மாணவர் மறப்பதில்லை. பிறகு நன்னூல் நூற்பாவைப் படித்தால் அது தெரிந்த செய்தியின் சுருக்கமாகத் தோன்றும்.

கட்டுரையில் சிக்கல் வேறு. திருச்சியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயன்பெருமாள் கோனாரின் உரை தமிழ்நாட்டில் பல தலைமுறை மாணவர்களுக்குத் துணையாக இருந்தது. 'கோனார் நோட்ஸ்' என்பது உரைநூலுக்கே பொதுப்பெயர் போலாகிவிட்டது. செய்யுளின் பொருள் விளங்க உரைநூல் நல்ல துணை. கட்டுரைக்கு அதைத் துணை கொண்டால், ஊட்டிக்குப் போகாத பிள்ளையும் 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பில் தாவரவியல் பூங்காவைப் பற்றி எழுதுகிறது. வகுப்பில் நாற்பது பேரும் ஒரே பூங்காவுக்குப் போய்வருகிறார்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போனதும் சுற்றுலாதான். யாருடன் போனாய், எதில் போனாய், ராட்டினத்தில் ஏறினாயா, எதைக் கேட்டு அழுதாய், திரும்பும்போது மணி என்ன என்று ஐந்து கேள்விகள் கேட்டு, பிள்ளை சொல்லும் பதில்களைப் பிள்ளையையே வரிசையாக எழுதச் சொன்னால் பொருளுரை ஆயிற்று. முன்னுரையும் முடிவுரையும் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

ஆங்கிலம்: தெரியாதவரும் உதவலாம்

ஆங்கில வீட்டுப்பாடத்தின் முன்னால்தான் பெரும்பாலான பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதல் தடை வாக்கிய அமைப்பு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'ஐ ரைஸ் ஈட்' என்று எழுதும் பிள்ளை, தமிழின் வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கியிருக்கிறது. துண்டுச் சீட்டுகளில் சீட்டுக்கொரு சொல்லாக எழுதி, யார், செய்வது என்ன, எதை என்ற வரிசையில் தரையில் அடுக்கிப் பார்ப்பது சிவப்பு மையால் அடிப்பதைவிட விரைவாகப் பலன் தரும். ஒலிக்காத எழுத்துகளைப் பொறுத்தவரை, அவற்றுக்கு விதி தேடி வருந்துவதைவிட, கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' போன்று கே என்ற எழுத்து முன்னால் ஊமையாக நிற்கும் சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துப் படிப்பது எளிது.

பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சியில் பிள்ளைகள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். கேள்வி 'ஹூ' என்றால் ஆளின் பெயர் வேண்டும், 'வேர்' என்றால் இடம் வேண்டும், 'ஒய்' என்றால் காரணம் வேண்டும் என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் இது குறையும். ஆங்கிலம் அறியாத தாய், பாடத்தில் வந்த கதையைத் தமிழில் சொல்லும்படி கேட்கலாம். கதையைத் தடையில்லாமல் சொன்னால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. தடுமாறும் இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மட்டும் அகராதியின் துணையோடு படிக்கச் சொல்லலாம். அதற்கு அவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

சமூக அறிவியல்: காரணத்தைக் கோத்தால் ஆண்டும் தங்கும்

வரலாறு என்றாலே ஆண்டும் பெயரும் ஐந்து காரணங்களும் என்று பழகிப்போயிருக்கிறது. 'வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை எழுதுக' என்ற கேள்விக்குப் புதிய தலைப்பாகை, தோல் குஞ்சம், சமயக் குறி அணியத் தடை, தாடி மழிக்க உத்தரவு, திப்புவின் மகன்கள் என்று ஐந்தும் புள்ளிகளாக வந்து விழும். இதைப் படிக்கும் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: மைசூர்ப் புலியின் மகன்களுக்கு வேலூரில் என்ன வேலை? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்ட பிறகு அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். அதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1806இல் படைத்தலைவர் ஜான் கிரடாக்கின் புதிய உடை விதிகள் சிப்பாய்களின் நம்பிக்கையைப் புண்படுத்தின. புண்பட்ட சிப்பாய்களும், தலைமை தரக்கூடிய அரச குடும்பமும் ஒரே மதிலுக்குள். ஜூலை 10 விடியற்காலையில் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி அன்றே அதை அடக்கினார். அருகில் ஆற்காட்டில் படை இருந்ததால்தான் உதவி இவ்வளவு விரைவாக வந்தது என்பது நிலப்படத்தைப் பார்த்தால் விளங்கும். தனித்தனியாக நின்ற ஐந்து புள்ளிகள் இப்போது ஒரே கதை.

புவியியலுக்கு அட்லஸும் பென்சிலும் வேண்டும். தமிழ்நாட்டின் கடற்கரைப் பகுதிகளுக்கு ஏன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம் என்ற கேள்விக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கோடாகப் போட்டு, தென்மேற்கிலிருந்து ஓர் அம்பு வரையச் சொன்னால் போதும். ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு வருகிறது. வடகிழக்கிலிருந்து இன்னோர் அம்பு போட்டால், அது வங்கக் கடலைக் கடந்து ஈரம் சுமந்து வருவது தெரிகிறது. இரண்டு அம்புகளில் அரைப் பக்க விடை அடங்கிவிட்டது.

மனப்பாடம் தேவைப்படும் இடங்களும் உண்டு. அங்கே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே சிறந்தது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிடத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

யார் உதவுவது?

படித்த பெற்றோரின் உதவியே நல்ல உதவி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடத்தி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி கணக்கு வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். கணக்கோடு பதற்றமும் கைமாறியது. 'எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது' என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் உதவ முடியும். "நீ படிச்சத எனக்குச் சொல்லிக் கொடு, கண்ணு" என்று அவர் உட்கார்ந்தால், பிள்ளை ஆசிரியராகிறது. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது தெரியவரும். அண்ணனும் அக்காவும் இன்னும் நல்ல துணை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் தாங்களும் சிக்கியது அவர்களுக்கு நினைவிருக்கும்.

வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைக்கு ஊர் துணை நிற்க வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 27இல், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாயாக இருந்தது. பிள்ளைகள் 'அக்கா' என்று அழைக்கும் ஒருவரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படுவதில்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும் வாய்ப்பாக இருந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. வகுப்பில் புரிய வைக்க வேண்டியதைக் காசுக்கு விற்கக் கூடாது என்ற நியாயம் அதில் உள்ளது.

கைபேசி என்ற துணை

2018 முதல் புதுப்பிக்கப்பட்ட தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகியுள்ளன. அவற்றை 'தீக்ஷா' செயலியில் காட்டினால் பாடத்துக்குரிய காணொலிகள் திறக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பாடங்களை ஒளிபரப்புகிறது. இவை மீண்டும் ஒருமுறை ஆசிரியரைக் கேட்பது போல. கேள்வியைப் படம் எடுத்தால் விடை தரும் செயலிகளும், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவும் வேறு வகை. அவை தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லக்கூடியவை; பாடநூலோடு ஒப்பிடாமல் நம்ப முடியாதவை. அவற்றைப் பயன்படுத்தினால் ஒரு வரிசையைக் காக்க வேண்டும். முதலில் பிள்ளை தானாக முயல வேண்டும். அடுத்து, முழு விடையைக் கேட்காமல் ஒரு குறிப்பை மட்டும் கேட்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டால், திரையை அணைத்துவிட்டு வெற்றுத்தாளில் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது படியில் விழுகிறவருக்கு அந்த விடை இன்னும் சொந்தமாகவில்லை.

உதவி விலகும் நேரம்

உதவிக்கு வயது உண்டு. 3ஆம் வகுப்பில் பக்கத்தில் உட்கார வேண்டும். 6ஆம் வகுப்பில் அதே அறையில் இருந்தால் போதும். 9ஆம் வகுப்பில், கேட்டால் மட்டும் வர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஓர் அடி பின்னால் நகராத உதவி பிள்ளைக்குப் பழக்கமாகி, அது இல்லாமல் நோட்டைத் திறக்க முடியாத நிலையில் விட்டுவிடும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் ஒரு கணக்கு வராமல் போகலாம். அப்போது பெரியவர் அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை வந்த தூரம் வரை எழுதி, 'இதற்கு மேல் புரியவில்லை' என்று அதன் கீழே ஒரு வரி எழுதி, நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். மறுநாள் வகுப்பில் நாற்பது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு, எங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.